பாறையைப் பார்த்துப் படம் சொல்பவர்கள்

கலிபோர்னியாவில் லோன் பைன் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை சுமார் 2,000. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 395ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே மூன்றரை மணி நேரம் ஓட்டினால் வந்துவிடும். மேற்கே 14,505 அடி உயரத்தில் விட்னி சிகரம். அதற்கும் ஊருக்கும் நடுவே அலபாமா குன்றுகள்: பழுப்பு நிறத்தில், உருண்டையும் பிளவுமாக, குதிரையோடு ஒருவன் ஒளிந்துகொள்ள ஏதுவான பாறைகள். 1920இல் ‘தி ரவுண்டப்’ என்ற மௌனப் படத்துக்காக ஒரு குழு இங்கே வந்தது. அதன் பிறகு எடுக்கப்பட்ட படங்கள் 400ஐத் தாண்டும் என்று ஊரிலுள்ள அருங்காட்சியகம் கணக்கு வைத்திருக்கிறது. பெரும்பாலானவை கௌபாய் படங்கள்.

1990இலிருந்து அக்டோபரில் இங்கே ஒரு திரைப்பட விழா நடக்கிறது. முதல் விழாவுக்கு ராய் ராஜர்ஸே நேரில் வந்து, குன்றுகளுக்குள் நுழையும் சாலையின் முனையில் நினைவுப் பலகையைத் திறந்துவைத்தார். 1938இல் அவர் கதாநாயகனாக நடித்த முதல் படம் ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ எடுக்கப்பட்டதும் இந்தப் பாறைகளுக்கு நடுவில்தான். சிவப்புக் கம்பளம், புதுப்பட வியாபாரம் எதுவும் இந்த விழாவில் கிடையாது. பள்ளிக்கூட அரங்கில் பழைய படம் ஓட்டுவார்கள். பேருந்தில் ஏற்றிப் பாறைகளுக்கு அழைத்துப் போவார்கள். ராத்திரி சாப்பாட்டு மேசையில் சண்டை நடக்கும். அந்தச் சண்டைக்காகவே வருகிறவர்கள் பாதிப் பேர்.

சென்னையில் வளர்ந்து, வேலைக்காக லாஸ் ஏஞ்சலிஸ் போய், அங்கேயே ஓய்வும் பெற்ற ஒரு பொறியாளர் முதல் தடவை போனது சும்மா வேடிக்கை பார்க்கத்தான். பேருந்திலிருந்து இறக்கிவிட்ட வழிகாட்டி, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, எல்லாரையும் இரண்டடி இடப்பக்கம் நகரச் சொன்னார். நகர்ந்தார்கள். படத்தில் கௌபாய் நடிகர் ஜீன் ஆட்ரிக்குப் பின்னால் இருந்த விரிசல், எதிரே இருந்த பாறையில் அப்படியே இருந்தது. கூட்டத்தில் ஒரு முதியவர் வழிகாட்டியைத் திருத்தினார்: இந்தப் பாறை வேறு இரண்டு படங்களிலும் வரும், ஒன்றில் பகலில் எடுத்து இரவு மாதிரி இருட்டடித்திருப்பார்கள். சபாவில் ஆலாபனையின் முதல் பிடியிலேயே ராகத்தைச் சொல்லிவிடும் மாமாக்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த முதியவரை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அக்டோபர் வந்தால் அவர் கார் வடக்கே திரும்பிவிடும்.

ஆனால் மேசையில் அவருக்கு முதலில் பேச்சே எழவில்லை. காரணம் எளிது. அவர் வயது அமெரிக்கர்களுக்குக் கௌபாய் என்றால் தொலைக்காட்சி. 1958–59இல் அந்த நாட்டில் அதிகம் பார்க்கப்பட்ட முதல் பத்து நிகழ்ச்சிகளில் ஏழு கௌபாய் தொடர்கள். அப்பா நாற்காலியில், பிள்ளைகள் தரையில், நடுவில் சிகரெட் விளம்பரம் என்று வாராவாரம் பார்த்த கூட்டம் அது. சென்னையில் தொலைக்காட்சி வந்ததே 1975இல்தான். இவர் கௌபாயைப் பார்த்தது எல்லாம் மவுண்ட் ரோடு தியேட்டர்களில். சஃபையர் வளாகத்தில் ப்ளூ டைமண்ட் என்று ஒரு குளிர்சாதன அரங்கு இருந்தது. அங்கே காட்சிகள் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எழுந்து போ என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைசிச் சண்டையை முதலில் பார்த்துவிட்டு, அவர்கள் ஏன் சண்டை போட்டார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்ட படங்கள் அவருக்கு உண்டு. மேசையில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். பொறாமையும் கொஞ்சம் தெரிந்தது.

மேசையின் நிரந்தரச் சண்டை ‘கன்ஸ்மோக்’. 1955 முதல் 1975 வரை 20 பருவங்கள், 635 அத்தியாயங்கள் ஓடிய தொடர். டாட்ஜ் சிட்டியின் மார்ஷல் மாட் டில்லனாக ஜேம்ஸ் ஆர்னஸ் கடைசி வரை நடித்தார். சண்டை அவரைப் பற்றியதல்ல, அவருடைய உதவியாளரைப் பற்றியது. காலை விறைப்பாக வைத்து நடக்கும் செஸ்டரா, அழுக்குத் தொப்பியும் கரகரத்த குரலுமாக வந்த ஃபெஸ்டஸா? செஸ்டர் கட்சிக்காரர்கள் கறுப்பு வெள்ளை அரை மணி நேர அத்தியாயங்களின் பக்தர்கள். அவற்றில் பல, வானொலியில் ஏற்கெனவே ஒலிபரப்பான ஜான் மெஸ்டனின் கதைகள். வளவளப்பு இல்லை, நல்லவன் ஜெயிப்பான் என்ற உத்தரவாதமும் இல்லை. 1961இல் தொடர் ஒரு மணி நேரமானது, 1966இல் வண்ணத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தண்ணீர் கலந்த பால் என்று இவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஃபெஸ்டஸ் கட்சி விடாது. கென் கர்ட்டிஸ் அசல் பாடகர், ‘சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்’ குழுவில் பாடியவர், இயக்குநர் ஜான் ஃபோர்டின் மருமகனாகவும் இருந்தவர். அவ்வளவு அழகான குரலை மறைத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் ஒரு பட்டிக்காட்டானாகப் பேசியது நடிப்பில்லையா என்று கேட்பார்கள்.

சென்னைக்காரர் குறுவட்டுகளை வாங்கிப் போட்டுப் பார்த்து, அடுத்த விழாவுக்குள் தேர்வுக்குப் படிப்பதுபோல் தயாரானார். செஸ்டர் கட்சியில் சேர்ந்தார். அவர் முடிவு சரி என்றுதான் இதை எழுதுகிறவருக்கும் படுகிறது. அந்த அரை மணி நேரக் கதைகளில் மாட் டில்லன் சுட்டு முடித்த பிறகு முகத்தில் தெரிவது வெற்றியல்ல, அலுப்பு.

இந்த மேசையில் இன்னொரு வகை ரசிகர்களும் உண்டு. இவர்களுக்குக் கதையைவிட அது தயாரான விதம்தான் ருசி. 1967இல் ‘கன்ஸ்மோக்’கை நிறுத்துவதென்று சிபிஎஸ் தொலைக்காட்சி முடிவெடுத்தபோது நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி குறுக்கிட்டுக் காப்பாற்றினார்; அதற்கு இடம்விட வேண்டி ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ தொடர் வெளியே போனது. 1960இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வார்னர் பிரதர்ஸ் தன்னுடைய பழைய தொடர்களின் கதைகளையே எடுத்து, ஆள் பெயரை மாற்றி, ‘மேவரிக்’ போன்ற தொடர்களில் மறுபடி ஓட்டியது. எழுதியவர் பெயர் ‘டபிள்யூ. ஹெர்மானோஸ்’ என்று வரும். ஸ்பானிய மொழியில் ஹெர்மானோஸ் என்றால் சகோதரர்கள்! ‘மேவரிக்’ நாயகன் ஜேம்ஸ் கார்னர் அதே காலத்தில் ஸ்டுடியோ மீது வழக்குப் போட்டு, ஜெயித்து, தொடரைவிட்டே போய்விட்டார். சூதாடியாக நடித்தவருக்குக் கையிலிருந்த சீட்டு தெரிந்திருந்தது.

பாறை விஷயத்தில் இவர்கள் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. ‘லோன் ரேஞ்சர்’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் சில்வர் என்ற வெள்ளைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்குமே, அந்தப் பாறையைக் காட்டச் சொல்லி ஒரு புதியவர் கேட்டுவிட்டார். நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். 1938இல் வந்த 15 பகுதித் திரைத்தொடர் எடுத்ததுதான் லோன் பைனில். தொலைக்காட்சித் தொடக்கக் காட்சியின் பாறை இருப்பது லாஸ் ஏஞ்சலிஸ் ஓரத்து ஐவர்சன் பண்ணையில். அந்தப் பண்ணை வழியாக இப்போது 118ஆம் விரைவுச் சாலை ஓடுகிறது. மிச்சமிருந்த இடத்தில் வீடுகள் முளைத்துவிட்டன. சாலைக்கு வைத்திருக்கும் பெயர் ரொனால்ட் ரீகன். ‘டெத் வேலி டேஸ்’ தொடரைத் தொகுத்து வழங்கிவிட்டு அரசியலுக்குப் போனவர் பெயரில், ஒரு கௌபாய் நிலத்தை வெட்டிச் சாலை.

லோன் பைன் மட்டும் எப்படித் தப்பியது? இதற்கு விடை சினிமாவில் இல்லை. 1913இல் இந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரை லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கால்வாய் வெட்டிக் கொண்டுபோனது. பள்ளத்தாக்கில் நிலங்களையும் நகரமே வாங்கிப் போட்டது. ஏரி வற்றியது, விவசாயம் படுத்தது, ஊர் பெருகவில்லை. அதனால்தான் ஜீன் ஆட்ரியின் பாறைக்குப் பின்னால் இன்றும் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலையிலேயே காலம் தள்ளிய சென்னைக்காரர் இதைச் சொன்னபோது மேசையில் ஒருவருக்கும் அது புதுச் செய்தியாக இல்லை. அந்த ஊர்க்காரர்கள் இன்னும் அந்தக் கோபத்தோடுதான் இருக்கிறார்கள்.

அவருக்குப் புதுச் செய்தி வேறு இடத்தில் காத்திருந்தது. ஒரு பிற்பகல் பேருந்து நின்ற இடத்தில் வழிகாட்டி, “இதுதான் இந்தியா” என்றார். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கி 1939இல் வந்த ‘கங்கா தின்’ படத்துக்காக இந்தக் குன்றுகளை இந்தியாவின் வடமேற்கு எல்லையாக்கியிருந்தார்கள். ஒரு கிராமத்தையும் கோயிலையும் கட்டினார்கள். கேரி கிராண்ட், விக்டர் மெக்லாக்லன், டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் ஜூனியர் மூவரும் பிரிட்டிஷ் சார்ஜென்ட்டுகள். அவர்களுக்காக உயிர்விடும் தண்ணீர்க்காரன் கங்கா தின்னாக உடம்பெல்லாம் பழுப்பு மை பூசிக்கொண்டு நடித்தவர் நியூயார்க்காரர் சாம் ஜாஃபே. வில்லன்கள் காளி பக்தர்களான தக்கர் கொள்ளைக் கூட்டத்தார். கூட்டத்தில் பலருக்கு அது உயிரான படம். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் கத்திச்சண்டை போட்டவர்கள். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சொன்னது இதுதான்: “படம் ஓடுற வேகம் பிரமாதம். எங்க ஆளை எங்க ஆளே நடிச்சிருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும்.”

அதற்கு ஒரு பெண், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பதில் சொன்னார். செவ்விந்தியர்கள் பாடு மட்டும் என்ன வாழ்ந்தது? லோன் ரேஞ்சரின் தோழன் டான்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் அசல் மோஹாக் இனத்தவர். ஆனால் அவர் வாயில் கடைசி வரை அரைகுறை ஆங்கிலம்தான் வைத்தார்கள். செவ்விந்தியராக எத்தனையோ படங்களில் வந்து, வீட்டிலும் வெளியிலும் அப்படியே வாழ்ந்த அயர்ன் ஐஸ் கோடி, இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆசிரியை அடுக்கிக்கொண்டே போனார். படங்களை வெறுத்துச் சொன்ன பேச்சு இல்லை அது. ஒவ்வொன்றையும் பல தடவை பார்த்தவரால்தான் அப்படிப் பட்டியல் போட முடியும். விமர்சகர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கோபப்படுவதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

அந்த ஆசிரியைதான் மறுநாள் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கே பத்து மைல் போனார். அங்கே மன்சனார். இரண்டாம் உலகப் போரில், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து அடைத்த பத்து முகாம்களில் ஒன்று. 1942 முதல் 1945 வரை, கூட்டம் மிகுந்த நாளில் 10,000 பேருக்கு மேல் முள்வேலிக்குள் இருந்தார்கள். மிஞ்சிய இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஆசிரியை ‘பேட் டே அட் பிளாக் ராக்’ பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கிய 1955 படம். போர் முடிந்த கையோடு, ஒரு கை இழந்த ஸ்பென்சர் டிரேசி ஒரு பாலைவனச் சிற்றூரில் ரயிலைவிட்டு இறங்குகிறார். போரில் தன் உயிரைக் காத்த ஜப்பானிய அமெரிக்க வீரனுக்குக் கிடைத்த பதக்கத்தை அவன் அப்பாவிடம் கொடுக்க வேண்டும். அப்பாவை ஊரில் சிலர் சேர்ந்து எப்போதோ தீர்த்துக்கட்டியிருக்கிறார்கள். படத்தின் அந்த ஊரைக் கட்டியது லோன் பைனுக்குப் பக்கத்தில். மன்சனாரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். படத்தில் கார்கள் ஓடுகின்றன, குதிரை இல்லை. இது கௌபாய் படமா இல்லையா என்பது மேசையில் தீராத வழக்கு. ஆசிரியையின் கட்சி: கௌபாய் படம்தான். ஊருக்குத் தெரியும், ஊர் வாய் திறக்காது, வெளியூர்க்காரன் ஒருவன் வருகிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்? எதிர்க்கட்சி: ஒரு ஜப்பானிய முகத்தைக்கூடக் காட்டாத படத்துக்கு இவ்வளவு புகழ் அதிகம். சென்னைக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டினார் என்று குற்றச்சாட்டு உண்டு.

சண்டையே இல்லாத படங்களும் இருந்தன. பட் பெட்டிக்கர் இயக்கத்தில் ராண்டால்ஃப் ஸ்காட் நடித்து இங்கே எடுத்த நான்கு படங்கள்: ‘செவன் மென் ஃப்ரம் நவ்’ (1956), ‘தி டால் டி’ (1957), ‘ரைட் லோன்சம்’ (1959), ‘கமான்சி ஸ்டேஷன்’ (1960). எதுவும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. செலவு குறைவு, நாலைந்து பேர், சில குதிரைகள், இந்தப் பாறைகள். ஸ்காட் கல் மாதிரி இருப்பார், பேசுவதெல்லாம் வில்லன்தான். லீ மார்வின் மாதிரி வில்லன் கிடைத்தால் கதாநாயகன் எதற்குப் பேச வேண்டும்? இவற்றில் முதல் படம் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2000 வாக்கில்தான் சீர்செய்யப்பட்டு மறுபடி திரைக்கு வந்தது. ‘ரைட் லோன்சம்’ ஓடி முடிந்து விளக்குப் போட்டதும் அரங்கில் யாரும் அபிப்பிராயம் சொல்லவில்லை. கௌபாய் ரசிகர்களிடம் இது அபூர்வம்.

அந்த அமைதியைக் கெடுத்தவர் சென்னைக்காரர். உலகத்திலேயே சிறந்த கௌபாய் படம் எது என்று வழக்கமான கேள்வி வந்தது. ‘தி சர்ச்சர்ஸ்’ என்றார் ஒருவர். ‘ஹை நூன்’ என்றார் இன்னொருவர். உடனே பழைய தகராறு கிளம்பியது: 1952இல் வந்த ‘ஹை நூன்’ படத்தில் மார்ஷல் கேரி கூப்பர் உதவி கேட்டு வீடு வீடாக அலைகிறார், இது என்ன ஆண்பிள்ளைத்தனம் என்று எரிச்சலாகித்தான் ஹாவர்ட் ஹாக்ஸும் ஜான் வெய்னும் 1959இல் ‘ரியோ பிராவோ’ எடுத்தார்கள். இவர் நடுவில் புகுந்து, “மெக்கன்னாஸ் கோல்ட்” என்றார்.

மேசை குலுங்கிச் சிரித்தது. 1969இல் வந்த அந்தப் படம் அமெரிக்காவில் எடுபடவில்லை. கிரிகோரி பெக், ஒமர் ஷெரிஃப் என்று ஏகப்பட்ட நட்சத்திரங்கள் இருந்தும் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இந்தியாவில் நடந்ததோ வேறு. சென்னையில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், கூட்டமும் திரும்பத் திரும்ப வந்தது. பாறைத் தூணின் நிழல் நீண்டுகொண்டே போய்த் தங்கப் பள்ளத்தாக்கைக் காட்டும் இடத்தில் விசில் பறக்கும். அந்தக் காட்சியை அரங்கில் பார்க்காத உங்களுக்கு என்ன தெரியும் என்பது அவர் வாதம். அப்புறம் தன் துருப்பை இறக்கினார்: அந்தப் படத்தை எழுதித் தயாரித்தவர் கார்ல் ஃபோர்மன். ‘ஹை நூன்’ எழுதிய அதே ஆள்.

விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை. ஃபோர்மன் 1951இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிய விசாரணைக் குழு முன் மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்து, கறுப்புப் பட்டியலில் விழுந்து இங்கிலாந்துக்குப் போனவர். இலங்கையில் கித்துல்கலவில் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தை மைக்கேல் வில்சனோடு எழுதியும் பெயர் போடவில்லை. அதற்கான ஆஸ்கர், அவர் இறந்த பிறகுதான் குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு ஊரின் கோழைத்தனத்தைப் பற்றி எழுதியவர், பதினேழு வருஷம் கழித்து ஒரு கும்பலின் பேராசையைப் பற்றி எழுதினார் என்று சென்னைக்காரர் விளக்கினார். ஆசிரியை கொஞ்சம் இறங்கிவந்தார். “சரி, யோசிக்கிறேன். ஆனா படத்துல வர்ற அந்தக் கழுகுப் பாட்டை மன்னிக்க மாட்டேன்.”

அதற்கடுத்த விழாவுக்குச் சென்னைக்காரர் ஒரு குறுவட்டு கொண்டுபோனார். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கி, ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’, 1972. அதற்கு முன்பே ‘காலம் வெல்லும்’, பின்னால் ‘ஜக்கம்மா’ என்று கர்ணன் தமிழில் குதிரைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆங்கிலத் துணைவரிகள் கிடையாது. விடுதி அறையில் ஏழெட்டுப் பேர் கட்டிலிலும் தரையிலுமாக உட்கார்ந்து பார்த்தார்கள். வசனம் புரியாதது ஒருவருக்கும் குறையாகத் தெரியவில்லை. ஸ்டண்ட் மாஸ்டர் யார், குதிரைகள் எங்கிருந்து வந்தன, கேமராவை எதில் வைத்து இப்படித் தாழ எடுத்தார் என்று கேள்விகள். ‘ஷோலே’வுக்குக் கர்நாடகத்தில் ராமநகரப் பாறைகள் இருந்தது போல இதற்கு எந்த ஊர் என்று ஒருவர் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். கதாநாயகன் யார் என்று கேட்டபோது, எங்கள் ஊரில் இவருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று பெயர் என்றார் சென்னைக்காரர். பாண்டுக்குக் குதிரை எதற்கு என்றது ஒரு குரல்.

“ஏன், ஷான் கானரியே ஏறலையா?” என்றார் ஆசிரியை. “1968, ‘ஷலாகோ’, கூட பிரிஜிட் பார்டோ.” அது ஸ்பெயினில் எடுத்த படம், அதைக் கௌபாய் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தரையிலிருந்து ஒருவர் எழுந்தார். அப்படிப் பார்த்தால் அங்கேயே படமெடுத்த செர்ஜியோ லியோனியையும் வெளியே தள்ளுங்கள் என்று கட்டில் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஜெய்சங்கரை நிறுத்திவைத்துவிட்டு, அறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது.